பூவரச இலைக்குள் ஒரு பதில்

"ஏங்க... அடுத்தவங்க எழுதறதை எட்டிப் பாக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாருமே சொல்லித் தரலையா?"

நிலவழகன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பிடித்த ஐப்பசி மழை, கந்தர்வக்கோட்டை பஸ்ஸைத் துரத்திக்கொண்டே வந்தது. உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் நனைந்த குடையையும் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குக் கீழே, ஜன்னலை ஒட்டி ஒருத்தி மடியில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பாதி எழுத்து கணக்கு மாதிரி இருந்தது, பாதி கோலம் மாதிரி இருந்தது. கண் தானாக அங்கே போய்விட்டது...

"எட்டிப் பாக்கலைங்க. தானா கண்ணு போயிருச்சு."

"கண்ணு தானா போகும். கழுத்துமா கூடவே நீளும்?"

முன் சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனுக்குக் காது சூடானது. அந்த நேரம் பார்த்துப் பஸ் ஒரு குலுக்குக் குலுக்க, குடையிலிருந்து பொலபொலவென்று நாலு சொட்டு அவள் தாளில் விழுந்தது. மை கலங்கிப் பரவியது.

"அய்யய்யோ! காலையில இருந்து போட்ட கணக்குங்க இது!"

"மன்னிச்சிருங்க... என்ன கணக்குங்க அது?"

அவள் முகத்தைத் தூக்கி அவனை நேராகப் பார்த்தாள். மை தீட்டாத கண்கள். ஆனால் மழையில் கழுவி எடுத்த மாதிரி அப்படி ஒரு பளிச். அந்தக் கண்ணில் கோபம் இருந்தது, கோபத்துக்குப் பின்னால் சிரிப்பும் ஒளிந்திருந்தது. எது எவ்வளவு என்றுதான் அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"ஒருத்தரோட ரகசியம் அடுத்தவங்க கண்ணுல படாம எப்படிக் காப்பாத்துறதுன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். போதுமா?"

இந்தத் தடவை கண்டக்டரே சிரித்துவிட்டார். நிலவழகன் கந்தர்வக்கோட்டை வரும்வரை ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் அவன் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் அங்கே மருந்தாளுநர். கிராம செவிலியர் அடைக்கலமேரி அக்கா ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இவங்க அன்புமொழி. திருக்கோகர்ணத்துப் பொண்ணு. சென்னையில கம்ப்யூட்டர் படிப்புல ஆராய்ச்சி பண்றாங்க. நம்ம இரும்புச்சத்து மாத்திரை விஷயமா ஒரு சர்வே எடுக்கணுமாம். நீதான் கூடப் போய் உதவணும்."

அதே கண்கள்!

"சாரா?" என்றாள் அவள். "தாராளமா வரட்டும்க்கா. சாருக்குக் கண்ணு ரொம்ப நல்லாத் தெரியும்."

மாத்திரை விஷயம் ஊருக்கே தெரிந்த விஷயம்தான். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் மாதாமாதம் அட்டை அட்டையாக இரும்புச்சத்து மாத்திரை போகிறது. கேட்டால் எல்லாரும் சாமி சத்தியமாகச் சாப்பிடுவதாகச் சொல்கிறார்கள். ஆனால் பரிசோதனை பண்ணினால் ரத்தம் ஏறவே இல்லை. குமட்டுகிறது என்று பாதிப் பேர் குளத்தில் வீசிவிடுகிறார்கள் என்பது நிலவழகனின் சந்தேகம். சொன்னால் நர்ஸ் திட்டுவார், மாமியார் அதற்கு மேல் திட்டுவாள். எவள் வாயைத் திறப்பாள்?

"அதுக்குத்தான் என் கணக்கு." ஊர் சமுதாயக் கூடத்துக்கு நடந்து போகும்போது அன்புமொழி சொன்னாள். "கேள்வி ஒண்ணுதான். மாத்திரையைத் தூக்கிப் போட்டீங்களா? பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு காசைச் சுண்டணும். அவங்க மட்டும் பாத்துக்கணும். தலை விழுந்தா உண்மையைச் சொல்லணும். பூ விழுந்தா, உண்மை எதுவா இருந்தாலும் 'ஆமா'ன்னு சொல்லிரணும்."

"அப்புறம் ஆமான்னு சொன்னவ நெசமாவே போட்டாளா, இல்ல பூ விழுந்ததால சொன்னாளான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிக்கவே முடியாது!" அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "அதுதான் விஷயமே. ஒருத்தியோட உண்மை எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அவ மாமியாருக்கும் தெரியாது. ஆனா ஊரோட உண்மை கிடைச்சிரும். ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூ விழும்ல? அதைக் கழிச்சுப் பாத்தாப் போதும்."

அவன் யோசித்துப் பார்த்தான். அட... ஆமாம்!

"எங்க புரொபசருக்கு மட்டும் நம்பிக்கை இல்ல. காகிதத்துல சரியா வரும், சனங்க கையில கொடுத்தா வராதுங்கிறார். என் ஆராய்ச்சியோட கடைசி அத்தியாயமே இதுதான். அவங்க ரகசியத்தைக் காப்பாத்துறேன்னு வாக்குக் கொடுத்துத்தான் எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன்."

ஆனால் கூடத்தில் காசை எடுத்ததுமே கலகம்.

"காசைச் சுண்டுறதா?" கூடத்துச் சாவி வைத்திருப்பவளும் மருமகளுக்குத் துணையாக வந்திருந்தவளுமான மூக்காயி இடுப்பில் கை வைத்தாள். "நாங்க என்ன கிரிக்கெட்டா வெளையாட வந்துருக்கோம்?"

பெண்கள் சிரித்துக் கலைந்துவிட, அன்புமொழியின் முகம் வாடிப் போனது. அந்த வாட்டத்தை நிலவழகனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"காசுக்குப் பதிலா பூ வச்சா என்னங்க? கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் கோயில்ல பூக்கட்டிப் பாக்குறோம்ல? வெள்ளையும் சிவப்பும் பொட்டலம் கட்டிப் போட்டு ஒண்ணு எடுக்கிறது... அது இவங்க எல்லாருக்கும் தெரியும். வெள்ளைன்னா உண்மை. சிவப்புன்னா 'ஆமா'."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவனைப் பார்த்து அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. அதற்காகப் புதுக்கோட்டைக்கே நடந்து போய் வரலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து, பூவரச இலையில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி ஒரு சட்டியில் போட்டார்கள். ஒவ்வொருத்தியாக வந்து ஒன்றை எடுத்தாள். மறைவாகப் பிரித்துப் பார்த்து, பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பதில் சொன்னாள். அன்புமொழி பெயர் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நிலவழகன் ஆமாவையும் இல்லையையும் மட்டும் கோடு போட்டு எண்ணினான்.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது தப்பு... ஏறக்குறையப் பாதிப் பேராவது 'ஆமா'ன்னு சொல்லியே ஆகணும். கால்வாசிகூட வரலையே?"

கூடத்தைப் பூட்ட வந்த மூக்காயியைக் கேட்டார்கள். அவள் இருவரையும் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பூவைக் கையில வச்சுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியே தாயி... சாமி கண்ணைக் குத்தாது? செவப்போ வெள்ளையோ, எல்லாப் புள்ளைகளும் நெசத்தைத்தான் சொல்லுச்சுக."

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. அன்புமொழி கோடு போட்ட தாளை மறுபடி எண்ணினாள். அப்புறம் மெதுவாகத் திரும்பினாள்.

"அப்ப ஆமான்னு சொன்ன ஒவ்வொருத்தரும் நெசமாவே தூக்கிப் போட்டவங்க. பேரு எழுதலைதான்... ஆனா உங்களுக்கு எல்லா முகமும் தெரியும்."

"தெரியும்ங்க. ஆனா..."

"பூ வைக்கலாம்னு யோசனை சொன்னது நீங்க. பக்கத்துலயே உக்காந்து பாத்ததும் நீங்க." அவள் தாளைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். "யாரு யாருன்னு தெரிஞ்சுக்கத்தானே? பஸ்ல எட்டிப் பாத்த மாதிரியே..."

சுருக்கென்றது அவனுக்கு. பொய் சொல்லமாட்டார்கள் என்று அவனுக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா என்ன? அவள் முகம் வாடியதற்காக அல்லவா வாயைத் திறந்தான்?

"ஆமா, தெரிஞ்சதும் நல்லதுதான்!" அவனும் வெடித்தான். "எங்கக்கா பிரசவத்துல ரத்தம் பத்தாம உசுரு போய் உசுரு வந்தா. அவளும் மாத்திரையைத் தூக்கிப் போட்டவதான். அந்த முகங்களை எல்லாம் நான் மறக்கணுமா? உங்க கணக்கை நீங்களே வச்சுக்கங்க மேடம். நான் வாரேன்."

குடையை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நடந்தான். வீடு வந்து சேர்ந்தபோது கோபம் கரைந்துவிட்டது. அவள் கண் மட்டும் கரையவில்லை.

அடுத்த நாள் அடைக்கலமேரி அக்கா மருந்து ஜன்னலில் வந்து நின்றார்.

"யாரு யாரு தூக்கிப் போட்டாளுகன்னு உனக்குத் தெரியுமாமே? மூக்காயி சொன்னா. பேரைச் சொல்லு தம்பி, நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டு வாரேன்."

நாலைந்து முகங்கள் கண்ணெதிரே வந்து நின்றன. அதில் ஒருத்தி, வெளுத்துப்போன உதடும் ஆறு மாதத்து வயிறுமாக இருந்தவள், அப்படியே அக்கா ஜாடை. சொல்லிவிடலாம். சொன்னால் அவளுக்கும் நல்லதுதானே? ஆனால் அவள் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்மையைச் சொன்னது, காப்பாற்றுகிறேன் என்று ஒருத்தி கொடுத்த வாக்கை நம்பித்தானே...

"எனக்கு யாரையும் தெரியாதுக்கா."

"அட, நீதானப்பா பக்கத்துல உக்காந்திருந்த?"

"தெரியாதுன்னா தெரியாது. ஒருத்தியை மட்டும் கூப்பிட்டு விசாரிச்சா நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிரும். அடுத்த தடவை எவளும் வாயைத் திறக்க மாட்டா. நான் எல்லா வீட்டுக்கும் போறேன்க்கா. எல்லார்கிட்டயும் ஒரே பேச்சுத்தான். சாப்பிட்ட பிறகு போடுங்க, டீயோட போடாதீங்க, எலுமிச்சைத் தண்ணியோட போடுங்க, கறுப்பா வெளிக்குப் போனாப் பயப்படாதீங்க... சாப்பிடுறவளுக்கும் சொல்றேன், சாப்பிடாதவளுக்கும் சொல்றேன். எவளுன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் நகர்ந்ததும்தான் வாசலில் நின்ற உருவம் தெரிந்தது. கையில் அவன் குடை. கண்ணெல்லாம் ஈரம். மழை ஈரம்தானா...?

"ஒட்டுக் கேட்டீங்களா?" என்றான் நிலவழகன்.

"இல்லைங்க," என்றாள் அன்புமொழி. "தானா காது வந்திருச்சு."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பா பேசிட்டேன் சார். என் ஆயுசு பூரா காகிதத்துல எழுதினதை நீங்க ஒரு நிமிஷத்துல செஞ்சு காட்டிட்டீங்க."

அதற்குப் பிறகு ஒரு வாரம் எப்படி ஓடியது என்றே அவனுக்குத் தெரியவில்லை. காலையில் அவன் வீடு வீடாக மாத்திரைப் பேச்சுப் பேச, அவளும் கூடவே வந்தாள். மத்தியானத்துக்கு மேல் பக்கத்து ஊரில் புதிதாக சர்வே. இந்தத் தடவை காசு. மூக்காயிதான் முன்னால் போய் எல்லாரையும் சரிக்கட்டினாள்.

"காசுன்னா கவலையில்ல தாயி," என்றாள். "காசைக் கையில வச்சுக்கிட்டுப் பொய் சொல்லாதவுக யாரு இருக்காக?"

'ஆமா' பாதியைத் தாண்டி, கணக்கு கச்சிதமாக வந்தது. அன்புமொழி சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

"முந்தின ஊர்லயே மறுபடியும் கேட்டிருக்கலாமே?" என்றான் திரும்பி வரும் வழியில். முந்திரிக் காட்டு நடுவே செம்மண் பாதை. மரமெல்லாம் மழைத்தண்ணீர் சொட்டியது.

"கூடாதுங்க. ஒரே ஆள்கிட்ட ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கக் கூடாது. கேக்கக் கேக்க மறைவு தேய்ஞ்சுகிட்டே போகும். பத்துத் தடவையும் 'ஆமா'ன்னே வந்தா நெசம் வெளியில வந்திரும்ல?"

"அன்னைக்குப் பஸ்ல எழுதினது இதுதானா?"

"இல்ல, அது பூட்டு. கம்ப்யூட்டர்ல போடுற பூட்டு. பூட்டுறதுக்கு ஒரு நொடி. சாவி இல்லாமத் திறக்கணும்னா, நமக்குத் தெரிஞ்ச எந்த வழியில போனாலும் உலகத்துல இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரும் சேர்ந்தாலும் ஆயுசு பத்தாது. அந்தக் கஷ்டம்தான் நம்ம ரகசியத்துக்கெல்லாம் காவல்."

"அப்படித் திறக்கவே முடியாத பூட்டு இருக்கா?"

"அதைத்தான் இன்னும் யாரும் நிரூபிக்கல. இருக்கும்னு நம்புறோம். அந்த நம்பிக்கையிலதான் எல்லாம் ஓடுது."

"ஒரு பக்கம் போறது சுலபம்... திரும்பி வர்றது கஷ்டம்," என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "எனக்கு அந்த மாதிரி ஒண்ணு தெரியும்ங்க. நிரூபிக்கக்கூட வேணாம்."

அவள் நடை தயங்கியது. காதோரம் சிவந்ததை அவன் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவன் பார்த்தான். அதில்தான் அவனுக்குத் துணிச்சல் வந்தது.

"உங்க சர்வேயில நானும் ஒரு கேள்வி கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க..."

"என்னை... கொஞ்சமாவது பிடிச்சிருக்கா?"

காட்டில் ஒரு குயில்கூடக் கூவவில்லை. அவள் நின்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்தாள். சுண்டினாள். விழுந்ததை உள்ளங்கையில் பொத்தி, அவனுக்குத் தெரியாமல் விரல் இடுக்கால் பார்த்தாள். மூடினாள்.

"ஆமா," என்றாள்.

அவன் நெஞ்சு ஒரு குதி குதித்து அந்தரத்தில் நின்றது.

"தலையா... பூவா?"

"அதைச் சொன்னா எப்படி சார்? ரகசியம்." காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று முன்னே நடந்தாள்.

பாவி! தலை விழுந்திருந்தால் அது உண்மை. பூ விழுந்திருந்தால் அது வெறும் விதி. மனசில் ஒன்றுமே இல்லாதவளும் அதே 'ஆமா'வைச் சொல்லியிருப்பாள். அவன் சோற்றில் கை வைத்துக்கொண்டு யோசித்தான். மாத்திரை எண்ணும்போது யோசித்தான். எண்ணிக்கை தவறித் திரும்ப எண்ணினான். கண்டுபிடிக்கவே முடியாது, அதுதான் விஷயமே என்று அவள் முகம் மலர்ந்து சொன்னது இப்போது நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருந்தது. மறுபடி கேட்கலாம். ஆனால் மறுபடி கேட்பது அவள் மறைவைத் தேய்ப்பது இல்லையா? ஊர்ப் பெண்களுக்கெல்லாம் காப்பாற்றிக் கொடுத்ததை அவளுக்கு மட்டும் எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் சென்னைக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது.

கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மழை கொட்டியது. குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தோள் பாதி நனைந்தது.

"இன்னைக்கும் என் மேல சொட்டுது," என்றாள்.

"இன்னைக்குக் கையில கணக்கு இல்லையே."

"உங்களுக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்லையா சார்?"

"இருக்கு." குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்தான். "ஆனா ஒரே ஆள்கிட்ட ஒரே கேள்வியை ரெண்டாந் தடவை கேக்கக் கூடாதுன்னு ஒருத்தவங்க சொல்லியிருக்காங்க. நீங்க எதை மறைச்சு வைக்கணும்னு நினைக்கிறீங்களோ, அது உங்களுது. நான் எட்டிப் பாக்க மாட்டேன். என்னோடதை மட்டும் சொல்லிர்றேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு மொழி. காசு சுண்டாமச் சொல்றேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கைப்பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டினாள்.

உள்ளங்கையில் இரண்டு பூவரச இலைப் பொட்டலங்கள்.

"ஒண்ணை எடுங்க. இந்தப் பக்கத்துல பூவைக் கையில வச்சுக்கிட்டு யாரும் பொய் சொல்ல மாட்டாங்களாம். இன்னொண்ணு என் கையிலதான் இருக்கும். இப்பக் கேளுங்க... நானே சொல்றேன், ரெண்டாந் தடவை கேளுங்க."

அவன் ஒன்றை எடுத்தான். கேட்டான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டது.

"ஆமா," என்றாள் அன்புமொழி. இந்தத் தடவை கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். பஸ்ஸில் பார்த்த அதே கண்கள்தான். கோபத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது மட்டும் இப்போது முன்னால் வந்து நின்றது.

அவன் இலையைப் பிரித்தான். வெள்ளை நந்தியாவட்டை. வெள்ளை என்றால் உண்மை.

"அப்ப... உங்க கையில செவப்பா? நான் அதை எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"அது ரகசியம்!"

தஞ்சாவூர் பஸ் வந்துவிட்டது; அங்கேதான் அவள் சென்னை வண்டி பிடிக்க வேண்டும். கூட்டம் முண்டியடித்தது. அவள் ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து, கம்பி வழியாகக் கையை நீட்டினாள். ஈரமான சின்ன இலைப் பொட்டலம் அவன் உள்ளங்கையில் விழுந்தது. பஸ் நகர்ந்தது.

அவன் அவசரமாகப் பிரித்தான். அதிலும் வெள்ளைப் பூதான் இருந்தது.

"ஏய் மொழி!" குடை ஒரு பக்கம் சாய, பஸ்ஸோடு கூடவே ஓடினான். "ரெண்டும் வெள்ளை! செவப்பே இல்லாம இது உன் கணக்குல சேராதே!"

ஜன்னலிலிருந்து அவள் தலையை நீட்டினாள். மழை முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சேராது!" என்று கத்தினாள். "இது கணக்கே இல்ல... சென்னைக்குப் போயிட்டு போன் பண்றேங்க!"